டிலுக்சனின் ரப்பர் இலைக் கிரீடம்

1. கத்தரிக்கோல்

புஷ்பம் கத்தரிக்கோலை எடுத்துவிட்டாள். நான் அவள் கையைப் பிடித்தேன்.

"வெட்டாம எப்புடி டீச்சர் எடுக்கிறது? பிசின் மாதிரி புடிச்சிருக்கு."

"அது நேர்த்தி முடி, புஷ்பம்."

அவள் கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள். எங்களுக்கு நடுவே நாற்காலியில் டிலுக்சன் உட்கார்ந்திருந்தான். நான்கு வயது. தலையில் இலைக் கிரீடம். அவனைப் போல் மகிழ்ச்சியான ஆள் அன்று எங்கள் தோட்டத்திலேயே இருந்திருக்க மாட்டார்.

புதிதாக இந்த வேலைக்கு வரும் தங்கைமாருக்காக, அது எப்படி நடந்தது என்று முறையாகச் சொல்கிறேன். நான் ருவான்வெல்லைப் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் பிள்ளைக் காம்பராவைப் பார்த்துக்கொள்கிறேன். ரப்பர் பால் வெட்டப் போகும் தாய்மார் காலையில் பிள்ளைகளை இங்கே விட்டுப் போவார்கள். பாலை நிறுத்துக் கொடுத்த பிறகு வந்து அழைத்துப் போவார்கள். புஷ்பம் எங்கள் ஆயா.

2. இலையும் பசையும்

பயிற்சி வகுப்பில் வசந்தகாலக் கைவேலைகள் என்று ஒரு தாள் கொடுத்தார்கள். பஞ்சுக் கோழிக்குஞ்சு, வண்ணக் காகிதப் பூ, முயல் காது. நல்ல வேலைகள்தான். ஆனால் எங்கள் பிள்ளைகளுக்குத் தெரிந்த வசந்தம் ரப்பர் மரத்தில் வருகிறது. தை மாதம் இலை சிவந்து உதிரும். மாசியில் செம்பு நிறத் தளிர் விடும். வாசலைக் கூட்டக் கூட்ட இலை வந்து விழுந்துகொண்டே இருக்கும். அதையே எடுத்துக்கொண்டேன்.

இலையைச் சிறியது பெரியது என்று அடுக்கினோம். காகிதத்துக்கு அடியில் வைத்துக் கிரேயோனால் தேய்த்து நரம்பை வரவழைத்தோம். ஒரு காம்பில் மூன்று இலை இருப்பதால் மூன்று வரை எண்ணுவது சுலபமாயிற்று. கடைசியாகக் கிரீடம். பிஸ்கட் பெட்டி அட்டையை வளையமாக்கி, அதைச் சுற்றிச் சிவப்பு இலை ஒட்ட வேண்டும்.

கோதுமை மாப் பசையில் காய்ந்த இலை நிற்கவில்லை. வழுக்கி விழுந்தது. பிள்ளைகள் முகம் சுருங்கியது. புஷ்பம் பின்பக்கம் போய், மரத்திலிருந்து அரைச் சிரட்டை ரப்பர் பால் கொண்டுவந்தாள்.

"இத வச்சுப் பாருங்க டீச்சர். யானைய ஒட்டுனாலும் நிக்கும்."

நின்றது. வேறெந்த ஊரிலும் எவருக்கும் இந்த யோசனை வந்திருக்காது.

டிலுக்சனுக்கு மட்டும் வேறொரு தொல்லை. பிறந்ததிலிருந்து வெட்டாத முடியை அவன் அம்மா சுமதி உச்சியில் கொண்டையாகக் கட்டி அனுப்புவாள். கொண்டை இடித்ததால் கிரீடம் சரிந்து சரிந்து விழுந்தது. நான் மற்றப் பிள்ளைகளின் கையைக் கழுவிவிட்டுத் திரும்பியபோது அவன் இரண்டு கையாலும் தலையை அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"இனி விழாது டீச்சர். பால் வச்சிட்டேன்."

3. தேங்காயெண்ணெய்

அவன் கைக்குழந்தையாக இருந்தபோது வலிப்பு வந்து கரவனெல்ல ஆஸ்பத்திரியில் கிடந்தான். பிள்ளை பிழைத்தால் முதல் முடி உனக்கு என்று சுமதி எங்கள் தோட்டத்து மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டாள். இந்த வருடத் திருவிழாவில் முடி இறக்கும்வரை கத்தரி படக்கூடாது. திருவிழாவுக்கு ஒரு வாரம்தான் இருந்தது.

தேங்காயெண்ணெய் தடவி, மயிர் மயிராகப் பிரித்தோம். அட்டை வளையம் கழன்று வந்துவிட்டது. உச்சியில் ஒரு கட்டியும் அதில் ஓர் இலையும் மிஞ்சின. அதைத் தொட்டால் அழுதான். வலியால் அல்ல, இலையை எடுத்துவிடுவோமென்று.

சுமதி பால் வாளியோடு வாசலில் வந்து நின்றாள். நடந்ததைச் சொன்னேன். அவள் மகனின் தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"கத்திரி வச்சீங்களா டீச்சர்?"

"இல்ல. யாருமே வைக்கல."

அவள் படியில் உட்கார்ந்துவிட்டாள். பிறகு கட்டியை விரலால் நசுக்கிப் பார்த்தாள்.

"ஒட்டுப்பாலா கெட்டியாயிருச்சு. இனி வராது. அப்புடியே இருக்கட்டும்."

"பூசாரி ஏதும் சொன்னா?"

"சொல்லட்டுங்க. நேந்துகிட்டது நானு, அவரு இல்லயே. ரப்பர் தோட்டத்துப் புள்ள முடி வேற எப்புடி இருக்கும்னு அம்மாளுக்குத் தெரியாதா?"

புஷ்பம் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள். "ஒரு வாரத்துக்கு ராசா மாதிரி சுத்துவான் இவன்."

அப்படித்தான் சுற்றினான். மறுநாள் மற்றப் பிள்ளைகளும் தங்கள் தலையில் ஒட்டச் சொல்லி அழுதார்கள். சிரட்டையைத் தூக்கிப் பரணில் வைத்தேன்.

4. கோயிலில்

முடி இறக்க வந்தவர் கடைத்தெருவில் சலூன் வைத்திருக்கும் சிங்களக்காரர். "மல்லி, ஹெலவென்ன எபா" என்றார். தம்பி, அசையாதே என்று பொருள். டிலுக்சன் அசையவில்லை. கட்டி வந்த இடத்தில் கத்தி நின்றது. அவர் இலையைத் தொட்டுச் சுமதியிடம் காட்டினார்.

"அக்கா, இத முதல்ல பிச்சிப் போடவா?"

"வேணாங்கண்ணே. முடியோட சேத்தே எறக்குங்க. அது அவன் வச்சது."

முடி, கட்டி, இலை எல்லாம் ஒன்றாகத் தாம்பாளத்தில் விழுந்தன. பூசாரி எட்டிப் பார்த்தார். சுமதியின் முகத்தையும் பார்த்தார். அதன்மேல் குங்குமம் வைத்தார். மொட்டைத் தலையில் சந்தனம் பூசியபோதுதான் சுமதி அழுதாள்.

கைவேலை பற்றி நான் கற்றது இவ்வளவு. இலைக் கிரீடத்தின் வளையத்தை ஒட்டி மூடாதீர்கள். அட்டையின் இரு முனையிலும் துளையிட்டு, பிள்ளையின் தலைக்கு ஏற்றபடி நாடாவால் கட்டுங்கள். ரப்பர் பால் பெரியவர் கையில் மட்டும் இருக்கட்டும். இன்னொன்று. பெயர் பதியும் நாளில் தடுப்பூசி பற்றியும் ஒவ்வாத உணவு பற்றியும் கேட்போம். இப்போது நான் அவற்றோடு, பிள்ளைக்காக என்ன நேர்ந்திருக்கிறீர்கள் என்றும் கேட்கிறேன். பதில் சொல்லாத தாய் இதுவரை எவரும் இல்லை.