அடியில் போன முகூர்த்தப் புடவை

பெரம்பலூர் வீட்டில் உட்கார்ந்து, பொழுதுபோக்காகக் கணினியில் ஒரு கணக்குப் புதிருக்கு நிரல் எழுதிக்கொண்டிருந்தேன். அந்த நிரல்மொழியில் எண்களை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்க வேண்டும்; மேலே இருப்பதைத்தான் முதலில் எடுக்க முடியும். எனக்கு வேண்டிய எண்ணோ அடியில் கிடந்தது. உடனே அக்காவின் கல்யாணம் ஞாபகம் வந்தது.

நான் அப்போது பள்ளிக்கூடச் சிறுமி. தா.பழூரிலிருந்து அரியலூர் மண்டபத்துக்கு டெம்போவில் சாமான் ஏற்றியவர், அம்மாவின் தம்பியான மாமா. முகூர்த்தப் புடவை பத்திரமாக இருக்கட்டும் என்று அது இருந்த பெட்டியை முதலில் வைத்தார். அதன்மேல் அக்காவுக்குச் சீராகக் கொடுக்கும் கட்டிலும் பீரோவும் ஏறின. கடைசியாக, அரியலூரில் இருந்த தன் வீட்டுக்கென்று வாங்கிய புதுக் கிரைண்டரை ஏற்றினார்.

மண்டபத்தில் ஐயர் அவசரப்படுத்தினார்.

"பொடவ எங்கடா?" என்றாள் அம்மா.

"பத்திரமா அடியில இருக்குக்கா" என்றார் மாமா.

அக்கா அழ ஆரம்பித்துவிட்டாள். எல்லாரும் சேர்ந்து சாமான்களை இறக்கித் தெருவில் பரப்பினோம். முகூர்த்தம் தவற இருந்த நேரத்தில் புடவை கிடைத்து, ஒருவழியாகத் தாலி ஏறியது.

பிறகு வாசலுக்கு வந்து, தெருவில் பரப்பியிருந்ததைப் பார்த்த மாப்பிள்ளையின் அம்மாவுக்கு முகமெல்லாம் சிரிப்பு.

"கிரைண்டர் வேறயா? சொல்லவே இல்லீங்களே."

மாமா வாயைத் திறந்தார். அவர் மனைவியான அத்தை கையை அழுத்தி, "பேசாம இருங்க. நமக்கு ஆட்டுக்கல்லே போதும்" என்றாள்.

கணினியில் எண்களை வரிசை மாற்றி அடுக்கினேன், விடை வந்துவிட்டது. மாமாவிடம் சொல்லலாம் என்று போனை எடுத்தேன். கிரைண்டர் ஞாபகம் வந்து அவர் சந்தோஷப்பட மாட்டார் என்று தோன்றியதால் வைத்துவிட்டேன்.