நூற்றிருபது ஜன்னலுக்கு இருட்டு

ஊர்நாட்டில் பட்டப்பகலில் இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்குகிறவனைச் சோம்பேறி என்பார்கள். நெய்வேலியில் அவனுக்கு நைட் ஷிப்ட்காரன் என்று பெயர். இரவெல்லாம் சுரங்கத்தில் நின்றுவிட்டுக் காலையில் வந்து கண்ணை மூடினால், வெயில் இமையைத் துளைத்துக்கொண்டு உள்ளே வரும். குவார்ட்டர்ஸ் கட்டின மகராசர்கள் காற்றுக்கும் வெளிச்சத்துக்கும் ஒரு குறையும் வைக்கவில்லை. அறைக்கு அறை கண்ணாடி ஜன்னல். பகலில் தூங்க வேண்டியவனைத்தான் மறந்துவிட்டார்கள்.

இருபத்தொன்றாம் வட்டத்துக் குவார்ட்டர்ஸில் இருந்த விருத்தாம்பாளால் அப்படி மறக்க முடியவில்லை. அவள் புருஷன் பன்னீர்செல்வம், நிலத்தைச் சுரங்கத்துக்குக் கொடுத்துவிட்டு அதே சுரங்கத்தில் பெர்மனன்ட் ஆனவன். சூரியனோடு எழுந்து சூரியனோடு படுத்த விவசாயி உடம்பு அது. எழுபத்தாறாம் வருஷம் அவனைக் கன்வேயர் பெல்ட்டில் நைட் ஷிப்டுக்குப் போட்டார்கள். மூன்றாவது வாரத்தில் ஓடுகிற பெல்ட்டுக்குப் பக்கத்தில் நின்றபடியே கண்ணசந்துவிட்டான். சூப்பர்வைசர் தோளைப் பிடித்து இழுக்காமல் இருந்திருந்தால் கை போயிருக்கும். மறுநாள் மெமோ வந்தது. இன்னொரு தரம் தூங்கினால் வேலையே சந்தேகம்.

"பகல்ல தூங்குங்கன்னா தூங்காம இன்னா பண்றீங்க?" என்று அவள் கேட்டாள்.

"கண்ண மூடுனா செவசெவன்னு எரியுது புள்ள. களத்துமேட்டுல படுத்துகினு இருக்கற மாரியே கீது."

அவள் ஜன்னலில் புடவையைக் கட்டிப் பார்த்தாள். வெளிச்சம் வடிகட்டி வந்தது. போர்வையைக் கட்டினாள். காற்றில் அவிழ்ந்து அவன் முகத்தின் மேலேயே விழுந்தது. நியூஸ்பேப்பர் ஒட்டினாள். கண்ணாடியை மூடியே வைத்ததில் அறை அடுப்பானது. அப்புறம்தான் அவளுக்குப் பிடிவாதம் வந்தது. விருத்தாம்பாளுக்குப் பிடிவாதம் வந்தால் ஒன்று காரியம் முடிய வேண்டும், இல்லை எதிரில் இருக்கிறவர் ஊரைவிட்டே போக வேண்டும்.

குறிஞ்சிப்பாடிக்கு பஸ் ஏறி, தறி வைத்திருந்த குழந்தைவேலுவிடம் போனாள். அவர் கைலி நெய்கிறவர். நெருக்கமான நெசவில், பாவும் ஊடையும் கருப்பாக, நல்ல கெட்டித் துணி வேண்டும் என்றாள்.

"கருப்பா? வூட்டுல தொங்க வுடவா? இன்னாம்மா, யாருக்கு இன்னா ஆச்சு?"

"யாருக்கும் ஒண்ணும் ஆவலங்க. ஆவக் கூடாதுன்னுதான் கேக்கறேன்."

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. எந்த வீட்டில் வெள்ளிக்கிழமையும் அதுவுமாகக் கருப்புத் துணி தொங்கவிடுவார்கள்? இரண்டு துணியாக வாங்கிச் சேர்த்துத் தைத்தாள். வெயில் படுகிற பக்கம் கருப்பு, அறையைப் பார்க்கிற பக்கம் வாழைப்பச்சை. ஒரு துணியில் தப்பி வந்த ஊசிமுனை வெளிச்சமும் இரண்டாவதில் மாட்டிக்கொண்டது.

துணிக்கு அடியில் கனமாக ஓர் உருளைக் கட்டை வேண்டும். தொட்டில் கட்டை கடைந்துகொண்டிருந்த திருவதிகைக் கடைசல் பட்டறையில் அதைச் செய்யச் சொன்னாள். கயிறும் கப்பியும் கடலூர் துறைமுகத்தில் படகுச் சாமான் விற்கிற கடையில் கிடைத்தன. உப்புத் தண்ணிக்கே மசியாத நைலான் கயிறு. குழந்தைக் கை அளவுக்குச் சின்னக் கப்பி. கட்டையும் கையுமாக பஸ்ஸில் ஏறியவளிடம் கண்டக்டர் கட்டைக்கும் டிக்கெட் கேட்டார். "கட்டைக்கு ஒக்கார எடம் குடுங்க, எடுக்கறேன்" என்றாள். அதற்கப்புறம் அந்த வண்டியில் அவளிடம் யாரும் லக்கேஜ் கேட்டதில்லை.

மேலே ஒரு சட்டம், அதில் துணியும் இரண்டு கப்பியும். கயிற்றை இழுத்தால் அடிக்கட்டை துணியைச் சுருட்டிக்கொண்டு மேலே ஏறும். விட்டால் சரசரவென்று இறங்கும். சட்டத்தை ஜன்னல் மேல் நிலையில் நாலு ஆணி அடித்து மாட்டினாள். அன்றைக்குக் காலை ஏழு மணிக்குப் படுத்த பன்னீர்செல்வம் பிற்பகல் மூன்று மணிக்கு எழுந்து, "இன்னம் விடியலயா?" என்றான். விருத்தாம்பாள் அடுக்களையில் உட்கார்ந்து கொஞ்சம் அழுதாள். நிம்மதியில் வந்த அழுகை.

அடுத்த வீட்டுக் கனகம் வந்து பார்த்துவிட்டு ஒன்று கேட்டாள். கனகத்தின் ஓர்ப்படி ஒன்று கேட்டாள். நைட் ஷிப்ட் இல்லாத வீட்டிலும் கேட்டார்கள். அவன் வீட்டில் இருக்கிறது, என் வீட்டில் இல்லையா என்கிற வியாதிக்கு மருந்து ஏது? எட்டு மாதத்தில் முப்பத்தேழு வீடுகளில் வாழைப்பச்சை இறங்கிவிட்டது. 'நைட் ஷிப்ட் ஸ்கிரீன்' என்று பேரும் வைத்துவிட்டார்கள்.

அப்போதுதான் சங்கரலிங்கம் வந்தார்.

குவார்ட்டர்ஸ்களைப் பார்வையிட்டுப் பழுது எழுதுகிற அதிகாரி அவர். திருநெல்வேலிக்காரர். கை சுத்தம், பேச்சும் சுத்தம், இரக்கம் மட்டும் கொஞ்சம் சிக்கனம். ஒரே நாளில் முப்பத்தேழு வீட்டுக்கும் நோட்டீஸ் கொடுத்தார். குவார்ட்டர்ஸ் சுவரிலோ ஜன்னல், கதவு நிலையிலோ ஆணி அடிக்கக் கூடாது. பத்து நாளைக்குள் கழற்றி, ஓட்டையை அடைத்து, பழையபடி வைக்க வேண்டும்.

விருத்தாம்பாள் அவரை வழியில் மறித்தாள். "ஐயா, இது இல்லன்னா எங்க வூட்டுக்காரரு தூங்க மாட்டாருங்க. ஏற்கெனவே ஒரு மெமோ வந்துடுச்சு."

"எனக்குப் புரியுதும்மா. ஆனா இன்னைக்கு உனக்கு நாலு ஆணிய விட்டா, நாளைக்கு அடுத்தவன் சுவரை இடிச்சு மாடம் வைப்பான். சட்டம்னா எல்லாருக்கும் ஒண்ணுதான். ஆணி இல்லாம நீ என்ன வேணா தொங்கவிடு, நான் ஏன்னு கேக்க மாட்டேன்."

போகிற போக்கில் சொன்ன பேச்சு. அவருக்கே அடுத்த நிமிடம் மறந்திருக்கும்.

வட்டத்தில் பெண்கள் ஏசினார்கள். நேற்றுவரை 'அக்கா, அக்கா' என்றவர்கள் "ஒன்னாலதான் எங்க வூட்டுக்கு நோட்டீஸ்" என்று வாசலிலேயே நிறுத்திப் பேசினார்கள். விருத்தாம்பாள் ஒரு தகர டப்பாவில் சிமெண்ட், மரத்தூள், வஜ்ஜிரப் பசை, இன்னொன்றில் பெயிண்ட் எடுத்துக்கொண்டு வீடுவீடாகப் போனாள். ஆணி அடித்த கையே ஓட்டையையும் அடைக்கட்டும் என்று, முப்பத்தேழு வீட்டு ஜன்னலிலும் ஏறி நின்று ஒவ்வொரு துளையாக அடைத்தாள். மானம் போகிற வேலைதான். ஆனால் அந்த வேலைதான் அவளுக்கு ஒன்றைக் காட்டிக் கொடுத்தது.

இருபதாவது வீட்டிலோ என்னவோ, ஏறி நின்றபோது, முந்தின வீட்டிலேயே நிற்கிற மாதிரி இருந்தது. அதே உயரம். அதே அகலம். நிலைக்கு நாலு விரல் கீழே அதே குறுக்குக் கம்பி, அதே பருமன். முழம் போட்டுப் பார்த்தாள். நூல் வித்தியாசம் இல்லை. அந்த டைப் குவார்ட்டர்ஸில் வட்டம் வட்டமாக எத்தனை ஆயிரம் வீடோ, அத்தனைக்கும் ஒரே ஜன்னல். ஒரு ஜன்னலுக்கு வழி கண்டுபிடித்தால் ஊருக்கே வழி. அந்தக் கம்பியைக் கவ்விப் பிடிக்க ஏதாவது வேண்டும். எது?

வீட்டில் பன்னீர்செல்வம் மறுபடி தூக்கமில்லாமல் புரண்டுகொண்டிருந்தான். கண் கோவைப்பழம். ஷிப்டுக்குக் கிளம்பும்போது சைக்கிள் வாசற்படியில் இடித்து, மணி 'டிங்' என்றது. விருத்தாம்பாள் ஓடிப்போய் ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டாள்.

"இன்னா புள்ள, நேரமாவுது!"

"இந்த மணி எப்பிடி நிக்குது மாமா? ஓட்டை போட்டா மாட்டியிருக்கான்?"

ஓட்டை எங்கே? ஒரு தகட்டு வளையம் கம்பியைச் சுற்றிக் கவ்வியிருந்தது. ஒரு திருகாணி அதை இறுக்கியிருந்தது. நெய்வேலியில் வீட்டுக்கு வீடு சைக்கிள். எல்லாரும் தினம் அடிக்கிற மணி. ஒருவர் கண்ணிலும் இது பட்டதில்லை. அன்றைக்கு அவன் மணி இல்லாத சைக்கிளில் வேலைக்குப் போனான்.

வளையம் ஜன்னல் கம்பிக்குப் பெரிதாக இருந்தது. பழைய சைக்கிள் டியூபை வெட்டி உள்ளே சுற்றி இறுக்கினாள். உடும்புப் பிடி. ரப்பர் இருந்ததால் கம்பியில் பெயிண்டும் உரியவில்லை. மணி உட்கார வேண்டிய காம்பு கம்பியை விட்டு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. சட்டத்தை அதில் முடுக்கினாள். மேலே நாலு விரல் வெளிச்சம் வந்தது. அதற்கு ஒரு மடிப்புத் துணியைச் சேர்த்துத் தைத்தாள். சைக்கிள் கடையில் மணி உடைந்துபோன வளையங்களை அள்ளிக்கொண்டு வந்தாள். நோட்டீஸ் கெடு முடிவதற்குள் முப்பத்தேழு வீட்டிலும் பழைய ஆணி போய்ப் புதுக் கவ்வி வந்துவிட்டது. காசு வாங்கவில்லை. ஏசியவர்கள் காபி கொடுத்தார்கள்.

பதினோராம் நாள் சங்கரலிங்கம் பேனாவும் கையுமாக வந்தார். ஸ்கிரீன் தொங்குவதைப் பார்த்ததும் அவர் முகம் கறுத்தது. நாற்காலி போட்டு ஏறி நிலையைத் தடவினார். மேலே, பக்கத்தில், சுவரில் தடவினார். கயிற்றை இழுத்தார், ஏறியது. விட்டார்; இறங்கியது.

"ஆணி எங்கம்மா?"

"இல்லீங்க. ஆணி இல்லாம தொங்க வுட்டா ஏன்னு கேக்க மாட்டேன்னு நீங்கதான சொன்னீங்க?"

கனகம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சங்கரலிங்கம் இறங்கி, நாற்காலியைத் துடைத்துவிட்டு, "சேதாரம் ஒன்றும் இல்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். நேர்மையான மனுஷன், எழுதத்தான் வேண்டும்.

அதோடு முடிந்திருந்தாலே ஜெயம்தான். ஆனால் எழுபத்தொன்பது சித்திரையில், ஷிப்ட் பார்க்கிற பிரம்மச்சாரிகள் தங்குகிற ஒரு விடுதிக்கு நூற்றிருபது ஸ்கிரீன் வேண்டும் என்று கேட்டார்கள். மெட்ராஸிலிருந்து ஒரு கம்பெனிக்காரர் வந்திருந்தார். டை கட்டியிருந்தார். வழவழவென்று படம் போட்ட புத்தகம், உள்ளே ஸ்பிரிங் வைத்த உருளை, பித்தளைத் தாங்கி. சுண்டினால் தானே மேலே ஓடியது. எதிரே, திருவதிகைக் கட்டையும் படகுக் கப்பியும் சைக்கிள் வளையமுமாக விருத்தாம்பாள். மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

ஆளுக்கோர் அறையில் மாட்டிக் காட்டச் சொன்னார், விடுதிக்கு ஸ்கிரீன் தேர்ந்தெடுக்க வந்த என்ஜினியர். சங்கரலிங்கமும் கூட நின்றார். விருத்தாம்பாள் ஏறினாள், அங்கேயும் இருந்த அதே குறுக்குக் கம்பியில் இரண்டு கவ்வியை முடுக்கினாள், இறங்கினாள். வெற்றிலை போடுகிற நேரம்கூட ஆகவில்லை. மெட்ராஸ்காரர் துளை போடுகிற கருவியை எடுத்தார்.

"ஐயா, அது எதுக்குங்க?" என்றாள் அவள்.

"ஜன்னலுக்கு எட்டு ஸ்க்ரூம்மா. நிலையில துளை போட்டாத்தான் நிக்கும்."

விருத்தாம்பாள் மடியிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்தாள். இரண்டு வருஷமாக மடித்து வைத்திருந்த அதே நோட்டீஸ். சங்கரலிங்கத்தின் கையில் கொடுத்தாள். தன் கையெழுத்தைத் தானே ஒரு தரம் படித்துவிட்டு, அவர் மெட்ராஸ்காரர் பக்கம் திரும்பினார்.

"துளை போடக் கூடாது சார். சட்டம்னா எல்லாருக்கும் ஒண்ணுதான்."

என்ஜினியர் சட்டத்தை மட்டும் நம்புகிறவர் இல்லை. விருத்தாம்பாளின் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தச் சொன்னார். வெளியே கத்திரி வெயில், உச்சி நேரம். உள்ளேயிருந்து குரல் வந்தது: "வாட்ச்ல முள்ளே தெரியலையே!" வெளியே வந்து கண்ணைச் சுருக்கிக்கொண்டு, "நூத்தியிருபதும் இந்தம்மாவே போடட்டும்" என்றார்.

அவள் வட்டத்துக்குத் திரும்பியபோது மணி ஒன்று. சொல்ல வாயெடுத்தாள்; சொல்ல முடியவில்லை. வரிசை முழுக்க ஜன்னல்களில் அவள் ஸ்கிரீனே இறங்கியிருந்தது. உள்ளே நைட் ஷிப்ட் ஆட்கள் தூங்கினார்கள். வாசலில் நின்ற கனகம் 'என்ன ஆச்சு' என்று கையால் கேட்டாள். விருத்தாம்பாள் உதட்டை மட்டும் அசைத்து "நூத்தியிருவது" என்றாள். கனகம் கைதட்டப் போய், பாதியில் நிறுத்திக்கொண்டாள். இரண்டு பேரும் அடுக்களைக்குள் போய் ஆளுக்கொரு பிடி சர்க்கரையை வாயில் போட்டுக்கொண்டு சத்தமில்லாமல் சிரித்துச் சிரித்துக் கண்ணீர் விட்டார்கள்.

இரண்டு மணி நேரம் அவள் காத்திருந்தாள். அவள் ஆயுசிலேயே அவ்வளவு நேரம் வாயை மூடிக்கொண்டு இருந்தது அன்றைக்குத்தான். மூன்று மணிக்கு உள்ளே கட்டில் முனகியது. போய்க் கயிற்றை ஒரே இழுப்பாக இழுத்தாள். வெளிச்சம் கொட்டியது.

"நூத்தியிருவது ஜன்னல் மாமா! அத்தினியும் நம்மளுது!"

அந்தச் சத்தம் வட்டத்தின் கடைசி வீடு வரை கேட்டது. எதிர் வரிசையில் போன வாரம் குடிவந்த நைட் ஷிப்ட்காரர் ஒருவர் தூக்கம் கலைந்து திட்டுகிற திட்டு நன்றாகவே காதில் விழுந்தது. மறுநாள் விருத்தாம்பாள் அவர் வீட்டுக்கு மன்னிப்புக் கேட்கப் போனாள். ஜன்னலை அளக்க வேண்டிய அவசியம் இல்லாததால், ஸ்கிரீனைக் கையோடு எடுத்துக்கொண்டே போனாள்.