"கைக்கு?" என்று கேட்ட பத்மா அக்கா

யாதகிரி காலையில் போன் செய்தால் மழை பிடித்துக்கொண்டது, அல்லது மொபெட் பஞ்சர் என்றுதான் அர்த்தம். பேப்பர் போடும் வேலையை அவர் விட்டுப் பல காலம் ஆகியும், அவர் பெயரைப் போனில் பார்த்தால் எனக்கு முதலில் அந்த எரிச்சல்தான் வருகிறது. போன வாரமும் அப்படித்தான் எடுத்தேன். "மணி சாப், பத்மாம்மா போயிட்டாங்க" என்றார். அவர் தெலுங்குக்காரர். எங்களோடு பழகிப் பழகித் தமிழ் பிடித்துக்கொண்டவர். அந்தச் செய்தியையும் எனக்காகத் தமிழிலேயே சொன்னார்.

"கார்த்திக் உங்களுக்குச் சொல்லலையா?" என்று கேட்டார். சொல்லவில்லை. எங்கள் ஆபீஸ் பத்மா அக்காவின் ஒரே மகன் கார்த்திக். அவன் என்னோடு முகம் கொடுத்துப் பேசிச் சில மாதங்கள் ஆகியிருந்தன. அது ஏன் என்பதையும் இங்கே சொல்லித்தான் ஆக வேண்டும். பூசி மெழுகி ஓர் அஞ்சலி எழுதினால் அக்காவே எழுந்து வந்து என்னைத் திட்டுவார்.

செகந்திராபாத் திருமுல்கேரியில் இருந்த எங்கள் பேப்பர் ஏஜென்சிக்குப் போன் செய்தவர்களில் பலர் அக்காவின் முகத்தைப் பார்த்திருக்க மாட்டீர்கள். அந்தக் குரலை மறந்திருக்க மாட்டீர்கள். சென்னையில் அச்சாகும் தமிழ் பேப்பர் ரயிலேறி மறுநாள் செகந்திராபாத் வந்து சேரும். நேற்றைய பேப்பரை இன்று படிப்பதற்கு இத்தனை பேர் இவ்வளவு சண்டை போடுவார்கள் என்று அந்த வேலைக்கு வரும்வரை எனக்குத் தெரியாது. நான் ஹைதராபாத் கிளம்பியபோது கரூரில் எல்லோரும் எனக்குக் கம்ப்யூட்டர் வேலை என்றே முடிவு கட்டிவிட்டார்கள். நானோ ஸ்டேஷனில் பேப்பர்க் கட்டு இறக்கிக்கொண்டிருந்தேன். அக்காவுக்கு மேசை வேலை. பேப்பர் வரவில்லை, ஈரமாக வந்தது, பக்கத்து வீட்டுக்குப் போய்விட்டது, இனிமேல் வேண்டாம் என்று எது சொல்வதானாலும் அந்தப் போனில்தான் சொல்ல வேண்டும்.

அக்காவின் குடும்பம் வெள்ளைக்காரன் காலத்திலேயே செகந்திராபாத்துக்கு வந்தது. அவர் பேசியது ஊர் உருது கலந்த, வேறெங்கேயும் கிடைக்காத தமிழ். ஆமாம் என்பதற்கு ஹவ், வேண்டாம் என்பதற்கு நக்கோ, ஏன் என்பதற்குக் கைக்கு. யாராவது பேப்பரை நிறுத்தச் சொன்னால், காரணத்தைக் கேட்காமல் அவர் போனை வைக்க மாட்டார். முதலாளி கேட்கச் சொல்லவில்லை. அவராகவே கேட்பார். சிலர் வீடு மாறுவார்கள், சிலர் அமெரிக்கா போவார்கள். சிலர் ஒன்றும் சொல்ல முடியாமல் நிற்பார்கள். படித்துக்கொண்டிருந்தவர் இறந்துபோயிருப்பார். அப்போது அக்கா போனைக் காதிலிருந்து எடுக்காமல் "ஹவ்மா, ஹவ்மா" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருப்பார். இழவு வீட்டில் உட்கார்ந்திருப்பது போல இருக்கும் எங்கள் ஆபீஸ்.

அந்தக் "கைக்கு"தான் ஒருநாள் வம்பை இழுத்து வந்தது. சைனிக்புரியில் சண்முகம் என்று ஒரு சந்தாதாரர். ராணுவத்தில் சுபேதாராக இருந்து ஓய்வு பெற்றவர். மகனுக்கு இங்கே சாப்ட்வேர் கம்பெனியில் வேலை கிடைத்ததும், தென்காசியிலிருந்து மனைவி செல்லம்மாளோடு வந்து மகன் வீட்டில் இருந்தார். ஒரு காலை அந்த அம்மாள் போன் செய்தார். அக்கா எப்போதும் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவார் என்பதால் எனக்கும் கேட்டது.

"எம்மா, அந்தப் பேப்பரக் கொஞ்ச நாளைக்கு நிறுத்திருங்க."

"கைக்குமா?"

அந்தப் பக்கம் ஒரு யோசனை. பிறகு, "ஆமாம்மா! அதும் நல்ல ரோசனைதான். எங் கைக்கே குடுத்துரச் சொல்லுங்க. வேற ஒருத்தர் கையிலயும் குடுத்துரப்பிடாது" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

அக்கா என்னைப் பார்த்தார். "என்ன மணி, நிறுத்துன்னாங்க, அப்புறம் கைல குடுன்னாங்க. பைத்தியமா?" எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "அக்கா, எங்க ஊர்ப் பக்கமெல்லாம் கைக்குன்னா கைக்குத்தாங்க. கையில குடுக்கட்டுமான்னு நீங்க கேட்டதா அந்தம்மா நெனச்சுட்டாங்க" என்றேன். அக்காவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. பொறந்ததிலிருந்து பேசற தமிழ் தப்பாடா என்று தலையில் அடித்துக்கொண்டார்.

ஆனால் காரணம் தெரியவில்லையே. விடுவாரா? திரும்பப் போன் போட்டு, இந்த முறை சுத்தமான தமிழில், "ஏம்மா நிறுத்தணும்?" என்று கேட்டார். செல்லம்மாள் அழ ஆரம்பித்துவிட்டார். சுபேதாருக்கு பைபாஸ் ஆபரேஷன் முடிந்து அப்போதுதான் வீட்டுக்கு வந்திருக்கிறார். தென்காசியில் அவருடைய அண்ணன் முந்தின நாள் தவறிவிட்டார். அப்பா இல்லாத வீட்டில் தம்பியை வளர்த்து ஆளாக்கிய அண்ணன். அதிர்ச்சி எதுவும் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்ததால் வீட்டில் யாரும் வாய் திறக்கவில்லை. ஊர்க்காரர்களோ பேப்பரில் கண்ணீர் அஞ்சலி கொடுத்துவிட்டார்கள், படத்தோடு. "பேப்பரு வந்த உடனே அவுக அந்தப் பக்கத்தத்தாம்மா மொதல்ல பாப்பாக. பாத்தா அவுக நெஞ்சு தாங்காது."

அக்கா கொஞ்சம் யோசித்தார். அந்த அம்மாள் தப்பாகப் புரிந்துகொண்டதே இப்போது வசதியாகப் போயிற்று. அடியோடு நிறுத்தினால் பெரியவருக்குச் சந்தேகம் வரும். அம்மாள் கையில் கொடுத்தால், படம் வருகிற நாள் பேப்பரை மட்டும் ஒளித்துக்கொண்டு மற்றதைக் கொடுத்துவிடலாம். யாதகிரியைக் கூப்பிட்டு, "அம்மா கைல மட்டும் குடு, சார் கேட்டாலும் நக்கோ" என்று சொல்லி அனுப்பினார்.

படம் வந்த அன்று சுபேதாரே போன் செய்தார். "இன்னைக்குப் பேப்பர் வரலியேம்மா?"

அக்கா சந்தாதாரர்களிடம் பொய் சொல்லி நான் கேட்டதில்லை. யாதகிரி பேப்பரைச் சாக்கடையில் போட்டிருந்தால், போட்டுட்டாரு சார், வேற அனுப்பறேன் என்பார். புளுகுவதெல்லாம் என் இலாகா. அன்றைக்கு என்னைக்கூடக் கேட்காமல் அவரே சொன்னார்: "கட்டு வரல சார். ரயில் லேட்."

"சரிம்மா. நீங்க சொன்னாச் சரியாத்தான் இருக்கும்" என்று பெரியவர் வைத்துவிட்டார். அக்கா அன்று டிபன் பாக்ஸைத் திறக்காமலே வீட்டுக்குக் கொண்டுபோனார்.

பதினாறாம் நாள் காரியமெல்லாம் தென்காசியில் முடிந்து, பெரியவர் உடம்பும் தேறிய பிறகு மகன் அவரிடம் விஷயத்தைச் சொல்லியிருக்கிறார். மறுநாள் ஆட்டோ பிடித்துத் தனியாக எங்கள் ஆபீசுக்கு வந்துவிட்டார் சுபேதார். கத்துவார் என்று நான் தயாராக எழுந்து நின்றேன். கத்தவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து மூச்சு வாங்கினார். "ரயிலு லேட்டுன்னு சொன்னது நீங்கதானம்மா?" என்று கேட்டார். அக்கா தலையசைத்தார்.

"பொண்டாட்டி மறைச்சா, சரி, எம்மேல உள்ள பாசம். மகன் மறைச்சா அவன் பயம். நீங்க யாரும்மா எனக்கு மறைக்கதுக்கு? காசக் குடுத்துப் பேப்பரு வாங்குதேன். எங்கண்ணன் மொகத்த நேர்ல பாக்கதுக்குத்தான் குடுத்து வைக்கல, பேப்பர்லயாவது பாத்துருப்பம்லா."

நான் குறுக்கே போனேன். "சார், உங்க உயிரக் காப்பாத்தத்தான்..." என்று ஆரம்பித்தேன். "நீங்க சும்மா இருங்க மணி" என்று அக்கா என்னை அடக்கினார். இரண்டு கையையும் கூப்பி, "தப்பு சார்" என்றார். வேறு ஒரு சமாதானமும் சொல்லவில்லை.

வீட்டில் ஒளித்து வைத்த பேப்பரைச் செல்லம்மாள் பயத்தில் எரித்துவிட்டிருந்தார். எங்களிடம் மிஞ்சியதெல்லாம் எடைக்குப் போயாயிற்று. அக்கா விடவில்லை. படித்த பேப்பரை எடைக்குப் போட மனசில்லாமல் அடுக்கி வைக்கிற சந்தாதாரர்கள் யார் யார் என்று யோசித்து யோசித்துப் போன் செய்தார். கடைசியில் மௌலா அலியில், ரயில்வே ஸ்டேஷன் பக்கம் ஒரு வீட்டுப் பரணில் அது கிடைத்தது. பஸ் பிடித்துப் போய் வாங்கிக்கொண்டு அங்கிருந்து சைனிக்புரி போனார். நானும் கூடப் போனேன். சுபேதார் வாசலிலேயே நின்று பிரித்தார். அண்ணன் படத்தின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். அழுகை வரவில்லை. நாள் கடந்துவிட்டால் அழுகைகூட உடனே வராது போலிருக்கிறது. திரும்பி வரும் ஆட்டோவில் அக்காதான் அழுதுகொண்டே வந்தார். "அந்த மனுசன் அழ வேண்டிய நாள நான் தின்னுட்டேன் மணி" என்றார்.

அதற்குப் பிறகு அவர் ஒரு சட்டம் வைத்துக்கொண்டார். பேப்பரை யார் படிக்கிறார்களோ அவர்கள் சொன்னால்தான் நிறுத்துவது. வேறு யார் சொன்னாலும் நக்கோ. இதனால் பட்ட பாடு கொஞ்சமா? மாதாப்பூரிலிருந்து ஒரு பையன், "அப்பாவுக்கு லேப்டாப் வாங்கிக் குடுத்துட்டேன், பேப்பர் வேண்டாம், நிறுத்துங்க" என்று இங்கிலீஷில் விரட்டுவான். "அப்பாகிட்ட போனக் குடுங்க சார்" என்பார் அக்கா. அப்பா ரகசியக் குரலில், "அவன் கெடக்கான், நீங்க போடுங்கம்மா" என்பார். முதலாளியிடம் புகார் போகும். முதலாளி அக்காவிடம் வருவார். "படிக்கிறவர்க்கு மறைச்சு ஒரு வேலையும் இந்தக் கை பண்ணாது சார். வேணும்னா என்னை நிறுத்திக்குங்க" என்பார் அக்கா. கொஞ்ச காலத்தில் சந்தா வேலையெல்லாம் சென்னையில் ஏதோ ஒரு நம்பருக்குப் போய்விட்டது. ஒன்றை அழுத்து, இரண்டை அழுத்து என்று மெஷின் பேசும். நிறுத்த வேண்டும் என்று சொல்ல எதை அழுத்துவது என்று கடைசி வரை தெரியாது. எங்கள் மேசைகளை எடுத்துவிட்டார்கள்.

இந்த வருடம் அக்காவுக்கு வயிற்றில் புற்றுநோய்க் கட்டி என்று தெரிந்தது. முற்றிய பிறகுதான் தெரிந்தது. கார்த்திக் என்னை ஆஸ்பத்திரி வாசலில் பிடித்துக்கொண்டான். அவனுக்கு நாம் பேசும் தமிழ் எல்லாம் புரியும், பதில் மட்டும் தெலுங்கிலும் இங்கிலீஷிலும் வரும். "அம்மாக்கு செப்பொத்து அங்கிள், ப்ளீஸ்" என்றான். அம்மாவிடம் சொல்லிவிடாதீர்கள் என்கிறான். அல்சர் என்று சொல்லி வைத்திருக்கிறானாம். நான் அவன் பிடியை விலக்கிக்கொண்டு உள்ளே போனேன்.

அக்கா என்னைப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி, "கார்த்திக் என்ன சொல்லச் சொன்னான்?"

என்ன செய்வேன்? வேறு யாராவது கேட்டிருந்தால் வாய் கூசாமல் புளுகியிருப்பேன். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு என்னால் முடியவில்லை. "அல்சர்னு சொல்லச் சொன்னான் அக்கா. அல்சர் இல்லை" என்றேன். அக்கா கண்ணை மூடிக்கொண்டார். பிறகு, "எவ்ளோ நல்லா இருக்கு மணி, ஒருத்தராவது சொன்னது" என்றார். அன்று மாலையே மகனைக் கூப்பிட்டு, எனக்குத் தெரியும்டா, நீ நடிக்காதே என்று சொல்லிவிட்டார். அதோடு கார்த்திக் என்னிடம் பேசுவதை நிறுத்தினான். நான்தான் அவன் அம்மாவின் நாளைக் குறைத்துவிட்டேன் என்று உறவினர்களிடம் சொன்னானாம். காதுக்கு வந்தது. அவன் ஆபீஸ் போயிருக்கிற நேரமாகப் பார்த்து அக்காவைப் போய்ப் பார்த்துவிட்டு வருவேன்.

மயானத்தில் நான் ஓர் ஓரமாக நின்றேன். அவன் என் பக்கம் திரும்பவில்லை. யாதகிரிதான் என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

நேற்று முன்தினம் கார்த்திக் என் வீட்டுக்கு வந்தான். சண்டைக்கு வந்திருக்கிறான் என்று நினைத்தேன். தண்ணீர் கொடுத்தாள் என் மனைவி. குடிக்காமல் டம்ளரைப் பார்த்துக்கொண்டே இருந்தவன், தட்டுத் தடுமாறித் தமிழில் கேட்டான்: "அங்கிள், அம்மா பயந்தாங்களா? என்கிட்ட சிரிச்சிட்டே இருந்தாங்க. ஐ ஆம் ரெடின்னு சொன்னாங்க. நிஜமா?"

அவன் தலைக்குப் பின்னால் என் மனைவி கையை ஆட்டி ஆட்டி, இல்லை என்று சொல்லுங்கள் என்று ஜாடை காட்டினாள். நிம்மதியாப் போனாங்கப்பா என்று ஒரு வார்த்தை. பெற்ற தாயைப் பறிகொடுத்த பிள்ளைக்கு அதைச் சொன்னால் யார் குடி முழுகிவிடும்? சொல்லிவிடலாம் என்றுதான் வாயைத் திறந்தேன்.

"பயந்தாங்கப்பா" என்றேன். "ரொம்பப் பயந்தாங்க. உன் முன்னாடி அழக் கூடாதுன்னு, நான் வர்ற வரைக்கும் அடக்கி வெச்சிருந்து அழுவாங்க. உன்னைத் தனியா விட்டுட்டுப் போறோமேன்னுதான் அழுதாங்க. வேற எதுக்கும் இல்ல."

அவன் மேசையில் கவிழ்ந்துவிட்டான். என் மனைவி என்னைப் பார்த்த பார்வையை நான் சொல்ல வேண்டியதில்லை. அழுது ஓய்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, "நானும் அவங்க முன்னாடி அழாமத்தான் இருந்தேன் அங்கிள்" என்றான். "தெரிஞ்சிருந்தா ரெண்டு பேரும் சேர்ந்து அழுதிருப்போம்."

அக்கா, இத்தனை சட்டம் பேசிய நீங்களும் பெற்ற பிள்ளை என்றதும் சறுக்கிவிட்டீர்களே. உங்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. உங்களிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது ஒன்றுதான்: கேட்டு வந்தவரிடம் மறைக்க எனக்கு இனி முடியாது. இது ஒன்றும் சுகமான சொத்து இல்லை, அக்கா. பிள்ளை கேட்டான். சொல்லிவிட்டேன்.