மூன்றாவது ஓட்டுநர்

பல் மருத்துவரின் கிளினிக்கில் வரவேற்பு மேசையில் இருந்தவளை அங்கே எல்லோரும் கறாரக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். கெடுபிடியானவள் என்பதால் அல்ல. போனில் பேரம் பேச அவளை விட்டால் ஆள் கிடையாது. இன்டர்நெட் கட்டணம், ஃபிரிட்ஜ் ரிப்பேர், வீட்டு வாடகை என்று யாருக்கு எது உறுத்தினாலும் போனை அவள் கையில் திணித்துவிட்டு ஒதுங்கி நிற்பார்கள். அவள் குரலை உயர்த்தவே மாட்டாள். "அப்படியா" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுச் சும்மா இருப்பாள். அந்தச் சும்மாவைத் தாங்க முடியாமல் எதிர்முனையில் இருப்பவர் தானாகவே இறங்கி வந்துவிடுவார்.

கார் இன்ஷூரன்ஸைப் புதுப்பிப்பது அவளுக்கு வருஷத்துக்கு ஒரு தடவை வரும் பந்தயம் மாதிரி. அந்த வருஷம் கம்பெனி கேட்ட தொகையைப் பார்த்ததும், லிஃப்ட் மெக்கானிக்கான கணவன், காரையே விற்றுவிடலாம் போலிருக்கிறதே என்றான். அவள் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில், பல் கருவிகளைச் சுத்தம் செய்யும் சின்ன அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு கம்பெனியைக் கூப்பிட்டாள்.

வேறொரு கம்பெனி குறைத்துத் தருவதாகச் சொன்னாள். இத்தனை வருஷத்தில் ஒரு கீறலுக்குக்கூடப் பணம் கேட்டதில்லை என்றாள். பிறகு "அப்படியா" என்று சொல்லிவிட்டு மௌனமானாள். எதிர்முனை ஆள் கொஞ்சம் இறங்கினார். அதற்கு மேல் அசையவில்லை. கடைசியில், ஆளை விட்டால் போதும் என்பது போல ஒரு யோசனை சொன்னார்.

"பாலிசியில உங்க காரை ஓட்டுறவங்கன்னு மூணு பேர் இருக்கீங்க. அதுல ஒருத்தருக்கு வயசு எழுபத்தெட்டு. அவர் பேரை எடுத்துட்டா நல்லாவே குறையும்ங்க."

அந்த மூன்றாவது ஆள் அவளுடைய மாமனார். மருந்துக்கடை வைத்திருந்து ஓய்ந்தவர். வியாழக்கிழமை சாயங்காலம் மட்டும்தான் காரை எடுப்பார். முட்டி மடக்க முடியாத தையல்கார நண்பரை அவர் வீட்டு வாசலில் போய் ஏற்றிக்கொண்டு கேரம் ஆடப் போவார், இருட்டுவதற்குள் திரும்பிவிடுவார். வாரத்தில் ஒரு நாள் சவாரிக்காகவா இவ்வளவு என்று அவள் நினைத்ததாகப் பிற்பாடு தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். நிஜத்தில் அவ்வளவுகூட நினைக்கவில்லை. ஜெயிக்கப் போகிறோம் என்ற சூடு தலைக்கேறியிருந்தது.

"எடுத்துடுங்க" என்றாள்.

புது விலையைக் கேட்டுக் கிளினிக்கே மூக்கில் விரல் வைத்தது. வீட்டில் மாமனாருக்குத்தான் பெருமை பிடிபடவில்லை. தன் மருமகள் பேசினால் கல்லும் கரையும் என்று தையல்காரருக்குப் போன் போட்டுச் சொன்னார். அவர் பெயரை எடுத்ததை அப்போதாவது அவள் சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. கணவனிடமும் மூச்சு விடவில்லை.

வியாழக்கிழமை வந்தது. பெயர் இல்லாதவர் ஓட்டி ஏதாவது ஆகிவிட்டால் கம்பெனி கையை விரித்துவிடும். பிரேக்கில் ஏதோ சத்தம் வருகிறது, எடுக்க வேண்டாம் என்று மாமனாரிடம் சொன்னாள். அடுத்த வாரம், எப்போதும் பஸ்ஸிலேயே போகும் கிளினிக்குக்குத் தானே காரை ஓட்டிக்கொண்டு போனாள். அதற்கடுத்த வாரம் சாவியைக் கைப்பையிலேயே மறந்து வைத்துவிட்டதாகச் சொன்னாள். ஒவ்வொரு தடவையும் அவர் "சரிம்மா, பரவாயில்லை" என்றார். தையல்காரருக்குப் போன் பண்ணி, இன்றைக்கு முடியாது என்று மட்டும் சொல்வார். காரணம் சொல்ல மாட்டார். பிறகு சாவி கேட்பதையே விட்டுவிட்டார். வியாழக்கிழமை ஆனால், வெளியே போகப் போடும் சலவைச் சட்டையைப் போட்டுக்கொண்டு டிவி முன்னால் உட்கார்ந்திருப்பார். அவர் ஒரு வார்த்தை கோபமாகக் கேட்டால் தேவலை என்றிருந்தது அவளுக்கு.

ஒரு சாயங்காலம் அவள் பால்கனியில் காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தபோது அவர் வந்து பக்கத்தில் நின்றார். பஸ்ஸில் போய்க் கண்ணைப் பரிசோதித்துக்கொண்டு வந்ததாகச் சொன்னார். கண்ணில் குறை ஒன்றும் இல்லையாம்.

"வாசல் கேட்டுல ஒரு தடவை வண்டிய உரசிட்டேன். பெயின்ட் வாங்கி நானே தடவி மறைச்சேன். உங்கிட்ட சொல்லாதது தப்புதாம்மா. அதனாலதானே சாவி தர மாட்டேங்கிற?"

அவளுக்கு அந்த உரசலைப் பற்றி எதுவும் தெரியாது. தலையணை உறை கையிலிருந்து நழுவியது. தப்புச் செய்தவள் அவள். மன்னிப்புக் கேட்டுக்கொண்டு நிற்கிறவர் அவர்.

"இல்ல மாமா. நீங்க ஒண்ணும் பண்ணல. இன்ஷூரன்ஸ குறைக்கிறதுக்காக உங்க பேரை எடுக்கச் சொன்னது நான்தான்."

அவர் முகத்தில் கோபம் வரவில்லை. தராசில் நிறுத்துப் பார்ப்பவர் போல அதை மனதுக்குள் நிறுத்துப் பார்த்தார்.

"கேட்டிருந்தா நானே எடுத்துடச் சொல்லியிருப்பேனேம்மா" என்றார். பிறகு, மீதித் துணியை அவர்தான் எடுத்து மடித்தார்.

மறுநாள் அதே சின்ன அறையிலிருந்து அவள் கம்பெனிக்குப் போன் செய்து, மாமனார் பெயரைத் திரும்பச் சேர்க்கச் சொன்னாள். முதலில் கேட்டதைவிடக் கூடுதலாகச் சொன்னார்கள். ஏதாவது தள்ளுபடி இருக்கிறதா என்று பார்க்கட்டுமா என்று போனை எடுத்த பெண் தானாகவே கேட்டாள். கறாரக்கா வேண்டாம் என்று சொல்லிப் பணத்தைக் கட்டினாள். அன்று ராத்திரி கணவனிடமும் எல்லாவற்றையும் கொட்டினாள். அவன் திட்டவில்லை, அப்பாவின் அறைப் பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டுச் சாப்பிட்டு எழுந்தான்.

வியாழக்கிழமை அரை நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு வந்து, சாவியை மாமனார் கையில் கொடுத்து, பக்கத்து சீட்டில் உட்கார்ந்தாள். அவர் தெருமுனை வரை ஒழுங்காகத்தான் ஓட்டினார். பெரிய சாலையில் ஏற வேண்டிய இடத்தில் நிறுத்தியவர் நிறுத்தியவர்தான். இடைவெளி வந்தது, போகவில்லை. மறுபடி வந்தது, போகவில்லை. பின்னால் ஹாரன் அடித்தார்கள். அவர் இரண்டு பக்கமும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டே இருந்தார். முன்பெல்லாம் இப்படி இல்லை. அவருக்கே அவர் மேல் சந்தேகத்தை ஊட்டி வளர்த்தது அவளுடைய அந்தப் பொய்கள்தான்.

அவர் மெல்ல வண்டியை ஓரம் கட்டினார்.

"நீயே ஓட்டும்மா. அவன் வாசல்ல காத்துக்கிட்டிருப்பான்."

அதற்குப் பிறகு அவர் ஓட்டவே இல்லை. எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தாள். அடுத்த வாரம் பார்க்கலாம் என்பார். அவள் கிளினிக்கில் வியாழக்கிழமைகளில் வேலை நேரத்தை மாற்றிக்கொண்டாள். தையல்காரர் பின் சீட்டில் காலை நீட்டிக்கொண்டு ஊர்க் கதையெல்லாம் பேசிக்கொண்டு வருவார். மாமனார் சிரித்துப் பதில் சொல்வார். அவளுக்கு மட்டும் சிரிப்பு வராது. சிக்னலில் சிவப்பு விழும்போதெல்லாம், பக்கத்து சீட்டில் அவருடைய வலது கால் கீழே கிடக்கும் கால்மிதியைப் பிரேக் மாதிரி அழுத்தும்.