கேள்வி மட்டும் கேட்கலாம்

அடுத்தவர் கதை என்றால் எனக்குச் சோறு தண்ணீர் வேண்டாம். பஸ்ஸில் முன் சீட்டில் பேசிக்கொண்டு வந்த இரண்டு பேர் பாதிப் பேச்சோடு இறங்கிவிட்டால், மீதியை நினைத்து நினைத்தே எனக்குத் தலைவலி வந்துவிடும். "ஊர் வம்பு உனக்கு எதுக்குடி?" என்று அம்மா திட்டாத நாள் இல்லை. வம்புதான், ஒப்புக்கொள்கிறேன். எங்கள் கார்டு வட்டம் பிறந்ததும் அந்த வம்பில்தான்.

எழுபதுகளின் கடைசியில் மலேசியாவின் ஈப்போவில் ஒரு சீனருடைய போட்டோ ஸ்டூடியோவில் வேலை பார்த்தேன். படம் எடுக்க வருகிறவர்களுக்குச் சீட்டு எழுதிக் கொடுப்பது என் வேலை. அடையாள அட்டைக்கு முறைத்துக்கொண்டும் கல்யாணத்துக்குச் சிரித்துக்கொண்டும் உட்கார்ந்த முகங்களைப் பார்த்து, ஒவ்வொன்றுக்கும் மனசுக்குள் ஒரு கதை கட்டுவேன். அப்படிக் கட்டியதில் ஒன்றை நீட்டி முழக்கி எழுதி, தமிழ்ப் பத்திரிகையின் ஞாயிறு பதிப்புக்கு அனுப்பினேன். வீட்டு முகவரி கொடுத்தால் வரும் கடிதத்தை எல்லாம் அண்ணன் பிரித்துப் படிப்பான் என்று ஸ்டூடியோ முகவரியைக் கொடுத்தேன்.

கதை வந்தது. பார்த்தால் உள்ளங்கை அளவுதான் இருக்கிறது! இடம் போதவில்லையோ என்னவோ, தலையை மட்டும் போட்டுவிட்டு உடம்பை வெட்டி எறிந்துவிட்டார்கள். என் கதாநாயகி பெட்டியும் கையுமாக பஸ் நிலையத்தில் நிற்கிறாள். அதோடு முற்றும். கீழே என் பெயரும் ஸ்டூடியோ முகவரியும். வந்த ஆத்திரத்தில் பத்திரிகையைச் சுக்குநூறாகக் கிழித்துப் போட்டேன்.

சில நாளில் கோப்பெங்கிலிருந்து ஒரு போஸ்ட்கார்டு வந்தது. எழுதியவர் ரொட்டி வேன் ஓட்டுகிறவர். "அந்தப் பெண் பஸ் ஏறினாளா, வீட்டுக்கே திரும்பிவிட்டாளா? வேன் ஓட்டும்போதெல்லாம் இதே நினைப்பாக இருக்கிறது" என்று கேட்டிருந்தார். மிச்ச இடத்தில், எறும்பு ஊர்வது போன்ற எழுத்தில், அவரே எழுதிய ஒரு குட்டிக் கதை.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. முழுக் கதையும் அச்சாகியிருந்தால் இந்த மனிதர் படித்துவிட்டு அந்தத் தாளிலேயே ரொட்டியை மடித்துக் கொடுத்திருப்பார். பாதியில் நின்றதால்தான் கேட்கிறார். அப்படியானால் ஒரு கதை எவ்வளவு சின்னதாக இருக்கலாம்? எதை விட்டால் ஆள் கேள்வி கேட்பார், எதை விட்டால் குழம்பிப் போவார்? இந்த யோசனை என்னைப் பிடித்துக்கொண்டது. ஞாயிறு பதிப்பில் யார் சின்னக் கதை எழுதினாலும் தேடிப் பிடித்துக் கார்டு போட ஆரம்பித்தேன். பலர் பதிலே போடவில்லை. இரண்டு பேர் ஒட்டிக்கொண்டார்கள். ஒருவர் லகாட்டில் சைக்கிள் கடை வைத்திருந்த கிறிஸ்தவர். இன்னொருவர் ஆயர் தாவார் பக்கத்துத் தோட்டத்தில் ரப்பர் மரம் வெட்டுகிற, அதாவது பட்டையைச் சீவிப் பால் எடுக்கிற, அக்கா. அந்தத் தோட்டத்தில் பாதி அப்போதே எண்ணெய் எடுக்கும் செம்பனைக்கு மாறிவிட்டது. மீதி ரப்பர் இருக்கும்வரை தனக்கு வேலை இருக்கும் என்று எழுதியிருந்தார்.

இப்படியாக நாலு பேர். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததில்லை. கோப்பெங் அண்ணன், லகாட் அண்ணன், ஆயர் தாவார் அக்கா, ஈப்போ தங்கச்சி, அவ்வளவுதான். கதை ஒரு கார்டுக்குள் அடங்க வேண்டும். எழுதுகிறவர் அதையே மூன்று கார்டில் கையால் எழுதி மற்ற மூவருக்கும் அனுப்ப வேண்டும். மூன்று தடவை எழுதிப் பாருங்கள், வேண்டாத சொல் தன்னால் உதிர்ந்துவிடும். 'மிகவும்' என்ற சொல்லை நான் விட்டொழித்தது அப்படித்தான்.

நடுவில் டவுன்காரர் ஒருவரும் வந்து சேர்ந்தார். அக்காவின் கதைக்கு அவர் போட்ட பதில்: "முயற்சி தொடரட்டும். வாழ்த்துகள்." அத்தோடு அக்கா வாயை மூடிக்கொண்டார். எத்தனை கார்டு போட்டும் பதில் இல்லை. கடைசியில் ஒரு வரி வந்தது: "நான் முயற்சி பண்ணலை தங்கச்சி. கதைதான் எழுதினேன்." எனக்கு அழுகையே வந்துவிட்டது. டவுன்காரர் எங்கள் வழவழா பேச்சு சலித்துத் தானாகவே கழன்றுகொண்டார், நல்ல வேளை. அதற்குப் பிறகுதான் அந்தச் சட்டம் போட்டோம். நல்லா இருக்கு என்று சொல்லக் கூடாது. நல்லா இல்லை என்றும் சொல்லக் கூடாது. படித்ததும் மனசில் என்ன கேள்வி வருகிறதோ, அதை மட்டும் கேட்கலாம்.

சட்டம் என்னமாய் வேலை செய்தது! "கிழவருக்கு ஏன் ஒரு காலில் மட்டும் சப்பாத்து?" என்று கேட்டால், எழுதியவர் மறுபடி யோசிப்பார், அதிலிருந்து இன்னொரு கதை முளைக்கும். அக்கா மறுபடி எழுத ஆரம்பித்தார். விடியற்காலையில் மரத்துக்கு மரம் போகும்போது கதை வரும், பால் நிறுத்துக் கொடுத்து, குளித்து, சமைத்து முடித்த பிறகு எழுதுவேன் என்பார். "அதுவரைக்கும் சிந்தாம கொண்டுவரணும் தங்கச்சி, பால் வாளியும் கதையும்."

கார்டின் உச்சியில் நாங்கள் மூவரும் பழக்கத்தில் பிள்ளையார் சுழி போடுவோம். லகாட் அண்ணன் சின்னதாக ஒரு சிலுவை போடுவார். அது ஒரு பெரிய விஷயமாக எங்களுக்குத் தோன்றியதே இல்லை, அந்த ஒரு நாள்வரை.

அன்று காலை அவருடைய கார்டு ஸ்டூடியோவுக்கு வந்தது. எடுத்த எடுப்பில், "உங்கள் தம்பி நேற்று மாலை ஈயக்குட்டையில் மூழ்கி இறந்துபோனான்" என்று ஆரம்பித்திருந்தது. கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அப்புறம் கையெழுத்தைப் பார்த்துத்தான் கதை என்று புரிந்தது. செத்தவனின் கூட்டாளி எழுதுகிற கடிதம் மாதிரி அமைத்திருந்தார். எழுதுவது கூட்டாளி என்பதால் சிலுவையையும் விட்டுவிட்டார். கீழே 'இப்படிக்கு, கூட்டாளி', அவ்வளவுதான். எங்கள் வீடுகளில் சாவுச் செய்தி எழுதும் கடிதத்துக்குச் சுழி போட மாட்டார்கள். பாவம், அவருக்கு அது எப்படித் தெரியும்?

மத்தியானம் ஸ்டூடியோ போன் அடித்தது. முதலாளி எடுத்துவிட்டு என்னிடம் நீட்டினார்.

"ஆயர் தாவார் பக்கத்துல எஸ்டேட்டு ஆபீஸ்லேருந்து கணக்கு எழுதுற கிராணி பேசுறேன். கார்டு எழுதுற பொண்ணு அங்கதானே வேலை செய்யுது? அது போடுற கார்டுல உங்க ஸ்டூடியோ சாப்பு முத்திரை, போன் நம்பரோட இருக்குலா."

"நான்தாங்க."

"இங்க கார்டு எழுதுற அம்மாவோட தம்பி, ஈப்போவுல வேலை பாக்குறவன், தண்ணியில போயிட்டானாமே, உண்மையா? லயத்து வீடுங்க எல்லாம் அழுதுகிட்டு இருக்கு. அடுப்பை எல்லாம் அணைச்சிட்டாங்க. ஈப்போ வர்றதுக்கு லாரி நிக்குது."

"ஐயையோ, அது கதைங்க!"

"கதையா? அந்தம்மாவும் அதைத்தான் சொல்லுது. அதிர்ச்சியில புத்தி கலங்கிருச்சுன்னு மூஞ்சில தண்ணி அடிச்சு உக்கார வெச்சிருக்காங்க!"

"சத்தியமா கதைங்க. அக்கா சொல்றதுதான் சரி."

"அலாமாக்! சுழியும் இல்ல, சிலுவையும் இல்ல. நான் என்னன்னு நெனைக்கிறது? எல்லாருக்கும் வாசிச்சு வேற காட்டிட்டேனே!"

"அடுத்தவங்க கார்டை வாசிச்சுக் காட்டுவீங்களா?"

"பின்ன? மூடின கடுதாசியா அது, கார்டுதானே. பெரட்டுக்கு வர்ற ஜனங்க கேக்கும்லா, இன்னிக்குக் கதை வந்துச்சா கிராணின்னு."

போனைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றேன். நாலு பேர் மட்டும் படிக்கிறோம் என்று நினைத்துக்கொண்டிருந்தால், ஒரு தோட்டமே காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கும்போது எங்கள் கதையைக் கேட்டுக்கொண்டிருக்கிறது! கோபப்படுவதா கும்பிடுவதா என்று தெரியவில்லை. ஆனால் அதற்கு அது நேரமும் இல்லை. தம்பி வேலை பார்க்கும் டயர் கடை எங்கே என்று கேட்டுக்கொண்டு, முதலாளியிடம் சொல்லிவிட்டு ஓடினேன். அக்காவின் தம்பி டயர் கடை வாசலில் உட்கார்ந்து மீ கோரேங் தின்றுகொண்டிருந்தார்.

"அண்ணே, நீங்க செத்துட்டீங்களாம். ஒடனே வீட்டுக்குப் போங்க."

அவர் முள்கரண்டியும் கையுமாக என்னை ஏற இறங்கப் பார்த்தார். விஷயத்தைச் சொன்னதும் தட்டை அப்படியே வைத்துவிட்டு பஸ்ஸுக்கு ஓடினார்.

சிரித்துக்கொண்டே திரும்பினேன். உயிரோடு இருப்பவரைச் செத்தார் என்றால் ஆயுசு கெட்டி என்பார்கள், எல்லாம் நன்மைக்குத்தான் என்று நினைத்தேன். கணவருக்குத் தெரியாமல் அக்கா போட்ட கார்டு வந்த பிறகு சிரிப்பு போய்விட்டது.

அக்காவின் கணவருக்கும் அந்தத் தம்பிக்கும் வருஷக்கணக்கில் பேச்சுவார்த்தை இல்லை. திருவிழாவில் ஏதோ வாய்த்தகராறு, 'செத்தாலும் அவன் மூஞ்சியில் முழிக்க மாட்டேன்' என்று லயத்து நடுவில் நின்று சபதம் போட்டவர் அவர். சாவுச் செய்தி வந்ததும் அதே லயத்து நடுவில் மண்ணில் புரண்டு, "மச்சான் மச்சான்" என்று கதறியவரும் அவர்தான். சாயங்காலம் அந்த மச்சான் பஸ்ஸைவிட்டு இறங்கி நடந்து வருகிறார். ஜனமெல்லாம் சிரிக்கிறது. மனுஷனுக்கு முகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது? நேராக வீட்டுக்குள் போனவர், "இனிமே இந்த வீட்டுக்குக் கார்டும் வரக் கூடாது, இங்கேருந்து கார்டும் போகக் கூடாது" என்று சொல்லிவிட்டார்.

"அவர் கெட்டவர் இல்லை தங்கச்சி. சொன்னால் சொன்னதுதான், அவ்வளவுதான்" என்று எழுதியிருந்தார் அக்கா. "மரம் வெட்டப் போனால் கதை வருகிறது. இனிமேல் அதைக் கொண்டுபோய் எங்கே வைப்பேன்?"

மற்ற இருவருக்கும் அதை அப்படியே எழுதிப் போட்டேன். இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை. அப்போதுதான் ஒரு நாள் ஸ்டூடியோ கவுண்ட்டர் முன்னால் பெரிய உருவமாய் ஒருவர் வந்து நின்றார். நகக்கண்ணில் எல்லாம் கிரீஸ். படம் எடுக்க வந்தவர் என்று நினைத்துச் சீட்டை எடுத்தேன்.

"நான்தான் தங்கச்சி, லகாட். போய் அவரு கால்ல விழுந்துடலாம்னு பாக்குறேன். தனியாப் போகப் பயமா இருக்கு."

ஞாயிற்றுக்கிழமை கோப்பெங் அண்ணனின் ரொட்டி வேனில் மூவரும் கிளம்பினோம். காலி வேன்தான், ஆனாலும் வழி முழுக்கப் பன் வாசனை பசியைக் கிளப்பிக்கொண்டே வந்தது. எழுத்தில் அத்தனை வாயாடிய நாங்கள், நேரில் பார்த்ததும் கூச்சத்தில் ஊமையாகிவிட்டோம். பேராக் ஆற்றுப் பாலத்தைத் தாண்டும்போது கோப்பெங் அண்ணன், "அடிப்பாங்களோ?" என்றார். "அடிச்சா வாங்கிக்கிறேன் லா" என்றார் லகாட் அண்ணன்.

லயத்தில் வேன் நின்றதும் ஜனம் சூழ்ந்துகொண்டது. அடி விழவில்லை. ஓர் அம்மா கோப்பெங் அண்ணனைப் பிடித்துக்கொண்டு, "அந்தக் கோழி யாரு வீட்டுக் கோழி, சொல்லிட்டுப் போங்க" என்று அவருடைய கதையைக் கேட்டார். அக்காவின் கணவர் வாசலில் கைலியைக் கட்டிக்கொண்டு விறகு பிளந்துகொண்டிருந்தார். நிமிர்ந்து பார்க்கவில்லை. கதவோரம் ஒல்லியாக, என் அம்மா வயசில், ஒருவர் நின்றார். அதுதான் அக்கா என்று நம்ப எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"மன்னிச்சிருங்கண்ணே" என்றார் லகாட் அண்ணன். "நான் வேணும்னு செய்யல. அக்கா எழுதுறதை மட்டும் நிறுத்திடாதீங்க. வேணும்னா நான் நிறுத்திடுறேன்."

அக்காவின் கணவர் இன்னொரு கட்டையை எடுத்து நிறுத்தினார். பிளக்கவில்லை. கோடரியைக் கீழே போட்டார்.

"ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன். கிராணி வாசிச்சப்பக் கேட்டது, இன்னும் மண்டையைக் குடையுது. அந்தப் பையன் கரையில சட்டையை மடிச்சு வெச்சு, மேல ஒரு கல்லையும் வெச்சிட்டு, வேணும்னே தண்ணியில எறங்கினான்னு எழுதியிருந்தீங்கல்ல?"

"ஆமாண்ணே."

"சட்டை காத்துல பறந்துடக் கூடாதுன்னு கல்லு வெச்சவன், திரும்பி வந்து போட்டுக்கத்தானே வெச்சிருப்பான்? சாவணும்னு எறங்குறவனுக்குச் சட்டை பறந்தா என்ன, கிடந்தா என்ன?"

லகாட் அண்ணனின் பெரிய உடம்பு அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டது. நான் பயந்துபோய் ஓடிப்போய்ப் பிடித்தேன்.

"அது என் தம்பிண்ணே" என்றார். "நெசமாவே என் தம்பி. வீட்டுல சண்டை போட்டுட்டுப் போனான். வேணும்னே எறங்கிட்டான், தான் திட்டினதாலதான் போயிட்டான்னு எங்கம்மா இன்னும் அழுவுறாங்க. நானும் அப்படித்தான் நெனச்சுக்கிட்டு இருந்தேன். அந்தக் கல்லை எடுத்தது நான். என் கையாலதான் எடுத்தேன். இது எனக்குத் தோணவே இல்லையேண்ணே!"

அக்காவின் கணவர் அவர் எதிரில் வந்து குந்தினார். தோளில் கை வைக்கலாமா என்று தெரியாமல் கையைக் கைலியில் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"இப்ப சொன்னதை ஒரு கார்டுல எழுதி எங்கம்மாவுக்குப் போடுறீங்களா?" என்று கேட்டார் லகாட் அண்ணன். "நான் போய்ச் சொன்னா, சும்மா தேத்துறேன்னு நெனப்பாங்க. தெரியாத ஆளு எழுதினா நம்புவாங்க."

அக்காவின் கணவருக்கு எழுத வராது. கையெழுத்துக்குப் பதில் பெருவிரல்தான் வைப்பார் என்று அக்கா எனக்குப் பிறகு சொன்னார். அவர் கதவுப் பக்கம் திரும்பினார்.

"கார்டு எடுத்துட்டு வா. நான் சொல்றேன், நீ எழுது."

அக்கா அதற்கு முன்பே உள்ளே போயிருந்தார்.