அம்மா போயிட்டாங்க

எங்கள் தொழிற்சாலை வாசலில் கைப்பேசியை ஒப்படைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். பாதுகாப்புத் துறைக்குக் கருவிகள் செய்கிற இடம் என்பதால் அத்தனை கெடுபிடி. காலை எட்டு மணிக்குப் பெட்டியில் வைத்துப் பூட்டினால் மாலைதான் மறுபடி கைக்கு வரும். அன்று பூட்டுவதற்கு முன், வரிசையில் நின்றபடியே எங்கள் குழுவில் ஒரு வரி எழுதிப் போட்டேன்: "அம்மா போயிட்டாங்க. இனிமே வரமாட்டாங்க."

அது ஒரு தமிழ்த் தொலைக்காட்சித் தொடருக்கான ரசிகர் குழு. ஹைதராபாத்தின் குஷாய்குடா பகுதியில் எங்கள் குடியிருப்புப் பெண்கள் நாலு பேர் கதை பேசத் தொடங்கியது. தொடரைப் பார்க்க முடியாமல் போனவர்களுக்காக நான் தினமும் கதைச்சுருக்கம் எழுதுவேன், கொஞ்சம் நையாண்டியோடு. அதைப் படிக்கவே ஆட்கள் வந்தார்கள். பிறகு தொடர் தெலுங்கில் டப்பிங் ஆனது. குழு மளமளவென்று பெருத்தது. நான் தமிழில் எழுதுவதை என் தோழி உடனே தெலுங்கில் மாற்றிப் போடுவாள். அவளுடைய குடும்பம் வெள்ளைக்காரன் காலத்திலிருந்தே செகந்திராபாத்தில் இருக்கிறது. நாங்கள் இருவர்தான் அட்மின்கள். புதிதாக எத்தனை பேர் சேர்ந்திருக்கிறார்கள் என்று பார்க்காமல் எனக்குக் காலையில் காப்பி இறங்காது. பெருமைதான், வேறென்ன.

தொடரில் தாயாக நடித்தவரை நாங்கள் யாரும் பெயர் சொல்லி எழுதியதில்லை. அம்மா என்றால் அவர்தான். அவர் தொடரிலிருந்து விலகிவிட்டார் என்று, படப்பிடிப்பில் வேலை பார்க்கும் ஓர் உறுப்பினர் எனக்குச் சொல்லியிருந்தார். வேறு யாரும் முந்திக்கொள்ளக் கூடாது என்ற அவசரத்தில் எழுதிய வரி அது.

பகல் பன்னிரண்டரைக்கு எங்கள் பிரிவுத் தொலைபேசியில் தோழி என்னைக் கூப்பிட்டாள். குரலே சரியில்லை.

"அந்த அம்மாவோட பொண்ணு நம்ம குழுவிலயே இருந்திருக்கு. நம்ம ஹைதராபாத்லதான் காலேஜ் படிக்குதாம். அவங்க அம்மா போன் காலையிலேர்ந்து ஸ்விட்ச் ஆஃப். எப்படிச் செத்தாங்கன்னு கேட்டு அழுவுது. நான் என்ன சொல்றது?"

"யாரு செத்தாங்க?"

"நீதானே எழுதினே, அம்மா போயிட்டாங்கன்னு!"

எனக்குப் புரிந்துவிட்டது. தெலுங்கில் ஒருவரைப் 'போயாரு' என்றால் இறந்துபோனார் என்றுதான் பொருள். தமிழிலும் அந்தப் பொருள் இல்லாமலில்லை, நான்தான் யோசிக்கவில்லை. அவள் அதை 'அம்மா போயாரு' என்று மாற்றி, மெழுகுவர்த்திப் படமும் சேர்த்துப் போட்டிருக்கிறாள்.

"சீரியலை விட்டுப் போயிட்டாங்கடி!"

"ஹவ்வா? கைக்கு அப்படி மொட்டையா எழுதினே?" என்றவள் அழத் தொடங்கினாள். பதறினால் அவளுக்கு 'அப்படியா', 'எதுக்கு' எல்லாம் ஹைதராபாத் உருதுவில்தான் வரும். அழுகைக்கு நடுவே மிச்சத்தையும் சொன்னாள். காலையில் அந்தப் பெண், 'இது என் அம்மா, யார் சொன்னது?' என்று குழுவில் கேட்டிருக்கிறாள். போலிக் கணக்கு என்று ஆளாளுக்குத் திட்டியிருக்கிறார்கள். தோழி அவளைக் குழுவிலிருந்தே நீக்கியிருக்கிறாள். பிறகு அந்தப் பெண் தாயோடு எடுத்த படங்களை அனுப்பிய பின்தான் தோழி நம்பியிருக்கிறாள்.

"செகந்திராபாத் ஸ்டேஷன்ல இருக்குது. சென்னைக்கு எந்த ரயில் வந்தாலும் ஏறிடுவேன்னுச்சு. இப்ப அதோட போனும் அணைஞ்சுபோச்சு. நான் விஜயவாடாவில கல்யாண வீட்டில மாட்டிக்கிட்டேன். நீ ஓடு."

ரயிலேறிவிட்டால் சென்னை போய்ச் சேரும்வரை அந்தப் பெண்ணுக்குத் தாய் செத்தவள்தான். அதிகாரியின் அறைக்கு ஓடினேன்.

வெளியே போக அதிகாரியின் கையெழுத்து வேண்டும். என் முகத்தைப் பார்த்துவிட்டு அவர் தெலுங்கில் கேட்டார். "எவரு போயாரு அம்மா?"

"யாரும் போகல சார். அதனாலதான் நான் போகணும்."

ஒன்றும் விளங்காமலே கையெழுத்துப் போட்டார்.

கைப்பேசியைத் திறந்தால், அறியாத ஓர் எண்ணிலிருந்து வரிசையாகத் தவறிய அழைப்புகள். அவள்தான். திருப்பிக் கூப்பிட்டேன், போகவில்லை. தோழி போட்ட திருத்தம் இரங்கல் செய்திகளுக்கு அடியில் எங்கோ புதைந்து கிடந்தது. ஆட்டோவில் ஏறினேன். நாச்சாரத்தில் லாரிகள் வழியை மறித்து நின்றன. அப்போதுதான் அந்தச் சந்தேகம் வந்தது: காலையிலிருந்து தாயின் போன் ஏன் அணைந்திருக்கிறது? ஒருவேளை என் வாய் முகூர்த்தம் பலித்துவிட்டதா? தகவல் சொன்ன உறுப்பினரைப் பிடித்தேன்.

"மலைமேல புதுப் படம் ஷூட்டிங் மேடம், டவர் கிடையாது. நல்லாத்தான் இருக்காங்க. ஆள் அனுப்பிப் பேசச் சொல்றேன்" என்றார். மூச்சு வந்தது.

நிலையத்தில் சென்னை ரயில் புறப்படத் தயாராக நின்றிருந்தது. பெட்டி பெட்டியாக எட்டிப் பார்த்தபடி ஓடினேன். அவளை நான் பார்த்ததே இல்லை, ஆனால் கண்டுபிடிக்கச் சிரமப்படவில்லை. முன்பதிவில்லாத பெட்டியின் வாசலருகே தரையில் உட்கார்ந்திருந்தாள். மூன்று வருடமாகத் தினமும் திரையில் பார்த்த அதே நெற்றி, அதே மூக்கு. முகம் அழுது அழுது வீங்கியிருந்தது.

"அம்மா இருக்காங்கம்மா. உயிரோட இருக்காங்க. கீழே இறங்கு."

"நீங்க யாரு?"

"அந்தச் செய்தியை எழுதினவ."

அவள் இறங்கினாள். நம்பி இறங்கினாளா, என்னை அறைய இறங்கினாளா, தெரியவில்லை. ரயில் போய்விட்டது. ஏறக்குறைய அரை மணி நேரம் நடைமேடை இருக்கையில் எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். என் கைப்பேசியில் அவளுடைய தாயின் குரல் வந்தபோது இவள் அதை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டாள். "நீ பேசும்மா, நீ பேசிக்கிட்டே இரு" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னாள். நான் தூணுக்குப் பின்னால் போய் நின்று அழுதேன்.

பேசி முடித்த பிறகும் கைப்பேசியைத் தராமல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது நிற்காமல் அதிர்ந்துகொண்டிருந்தது.

"இவங்கல்லாம் யாரு?"

"குழுவில சேரணும்னு கேக்கறவங்க."

விரலால் தள்ளிக்கொண்டே போனாள். பட்டியல் முடியவில்லை. குழு தொடங்கிய நாளிலிருந்து அத்தனை பேர் ஒரே நாளில் கேட்டதில்லை.

"எங்க அம்மா செத்துட்டாங்கன்னு கேள்விப்பட்டு வந்தவங்க."

"ஆமாம்மா."

"நான் அவங்க பொண்ணுன்னு சொன்னப்ப என்னை வெளியே தள்ளினீங்க. இவங்களை உள்ளே விடுவீங்களா?"

விடவில்லை. குழுவையே அன்று மாலை மூடிவிட்டேன். ஆனால் அந்த நடைமேடையில், அவள் கேட்ட அந்த நொடியில், என் கண் அந்தப் பட்டியலின் எண்ணிக்கையைத்தான் தேடியது.