இட்லிப்பூக் குச்சி

நான் நான்காம் வகுப்புப் படித்த வருஷம், கார்த்திகை மழை விட்டிருந்த ஒரு நாள், தேவகோட்டையில் வாழ்க்கைப்பட்டிருந்த அத்தை கோட்டையூரில் இருந்த எங்கள் வீட்டுக்கு வந்தாள். அப்பாவுக்கு ஒரே தங்கை. கையில் ஈரத்துணி சுற்றிய மூன்று இட்லிப்பூக் குச்சிகள் இருந்தன. எத்தனை நாள் இருப்பாய் என்று அம்மா கேட்டதற்கு, இதுகளை வேர்விட வைத்துக் கொடுத்துவிட்டுப் போகிறேன் என்றாள்.

எல்லாம் பென்சில் கனம். இளசும் இல்லை, முற்றலும் இல்லை. அத்தை கணுவுக்குக் கீழே சாய்வாக வெட்டினாள். உச்சியில் இரண்டு இலைகளை மட்டும் விட்டு, அவற்றையும் பாதியாக நறுக்கினாள். அப்பா கொத்தனார், வீட்டில் காலிப் பெயிண்ட் டப்பாக்களுக்குக் குறைவில்லை. மூன்றில் ஆணியால் ஓட்டை போட்டு, செம்மண்ணும் மணலும் நிரப்பி நட்டு, அடி வெட்டிய தண்ணீர் பாட்டில்களைக் கவிழ்த்து நிழலில் வைத்தாள். வேர்விட ஒன்றரை மாதமாவது ஆகும், அதுவரை யாரும் தொடக்கூடாது என்றாள்.

அத்தை வந்தபிறகுதான் என் இரட்டைச் சடை கோணாமல் நின்றது. ராத்திரி அவள் பக்கத்தில்தான் படுப்பேன். தெருவில் மோட்டார் பைக் சத்தம் கேட்டால் மட்டும் பேச்சை நிறுத்திவிட்டு அடுப்படிக்குள் போய்விடுவாள். அந்த இரைச்சல் அவளுக்கு ஆகாது போல என்று நினைத்துக்கொண்டேன்.

பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் யாரும் பார்க்காதபோது குச்சியைப் பிடுங்கிப் பார்ப்பேன். அடியில் வெள்ளையாக ஏதாவது புடைத்திருந்தால் நகத்தால் சுரண்டிவிட்டுத் திரும்பச் செருகிவைப்பேன். இரண்டு குச்சிகள் கறுத்துப் போயின. மூன்றாவதைப் பிடுங்கியபோது அத்தை பின்னால் நின்றாள்.

"வேர் விட்டா நீங்க ஊருக்குப் போயிருவீகள்ல" என்று அழுதேன்.

அவள் திட்டவில்லை. குத்தவைத்து உட்கார்ந்து என் முகத்தையே வெகுநேரம் பார்த்தாள். பிறகு குச்சியை வாங்கி நட்டு, மண்ணை விரலால் அழுத்தினாள்.

"இனிமே இதத் தொடாத, தாயி."

தொடவில்லை. பொங்கல் கழிந்து சில நாட்களில் அதில் செம்பு நிறத்தில் புதுத்தளிர் வந்தது. அந்த வாரமே அத்தை வீட்டு மாமா பைக்கில் வந்து இறங்கினார். அத்தை அடுப்படியை விட்டு வெளியே வரவில்லை. மாமா வேலைவெட்டி பற்றி ஏதேதோ பேசிவிட்டு, கூட்டிக்கொண்டு போக வந்திருப்பதாகச் சொன்னார். செடிகொடியை ஏறெடுத்தும் பார்க்காத அப்பா, பெயிண்ட் டப்பாவைக் காட்டினார்.

"அது இன்னும் வேர் புடிக்கல மாப்ள. நீங்க போயிட்டு வாங்க."

அப்பாவுக்குத் தளிர்கூடத் தெரியவில்லையே என்று எனக்குச் சிரிப்பு வந்தது. மாமா சிரிக்கவில்லை. காபியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனார்.

ஞாயிற்றுக்கிழமை அப்பா கடப்பாரையை எடுத்து, வீட்டு முகப்பில் வெயில் படுகிற இடத்தில் முழங்கால் ஆழத்துக்குக் குழி தோண்டினார். கொத்தனார் வீட்டு மண்ணில் சுண்ணாம்புக் காரை ஏராளம்; அது பட்டால் இட்லிப்பூ இலை மஞ்சளாகிவிடும் என்று அத்தை சொல்லியிருந்தாள். அப்பா அந்தக் காரைக்கட்டிகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி, இரண்டு கூடை வெளியே கொட்டினார். கண்மாய்ப் பக்கமிருந்து சைக்கிளில் செம்மண் கொண்டுவந்தார். தொழுவுரம் கலந்து, அத்தையைக் கூப்பிட்டு நடச் சொன்னார். நடும்போது அத்தை அழுதுகொண்டிருந்தாள்.

நானும் அழுதேன். வேர் பிடித்துத் தரையில் நட்டாயிற்று. நாளைக்கு அத்தை கிளம்பிவிடுவாள், அதனால்தான் அவளும் அழுகிறாள் என்று நினைத்தேன். உள்ளே ஓடி, அவள் ஊரிலிருந்து கொண்டுவந்த பையைத் துணிக்கொடியிலிருந்து எடுத்து, பின்கட்டில் சிமெண்ட் மூட்டைகளுக்கு அடியில் திணித்தேன்.

பையில் கனமே இல்லை. தூக்கிக்கொண்டு ஓடச் சுலபமாக இருந்ததே என்று சந்தோஷப்பட்டேனே தவிர, அவள் துணிகளெல்லாம் எப்போது அம்மாவின் பீரோவுக்குப் போயின என்று யோசிக்க எனக்குத் தோன்றவில்லை.